விழுவானா, பறப்பானா: பிராட்வே ஸ்பைடர்மேனைப் பார்க்க வந்த கூட்டம்

கேள்வி இதுதான்: "பிராட்வேயில் போட்ட ஸ்பைடர்மேன் இசை நாடகத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், நடிகர்களுக்கு எலும்பு முறிந்தது, இயக்குநரையே துரத்தினார்கள். ஆனாலும் மூன்று வருடம் ஓடியிருக்கிறதே, எப்படி? பார்த்த ஜனங்களுக்குப் பிடித்திருந்ததா, இல்லையா?"

ஒரு வார்த்தையில் சொல்ல வராது. பிராட்வே என்றால் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வட்டாரம்; அங்கே இதற்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் நாடகம் பார்க்கவே வரவில்லை என்பது என் எண்ணம். கழைக்கூத்தாடி கம்பத்தில் ஏறினால் தெருவே கூடுமே, அந்த மாதிரிக் கூட்டம் அது. கீழே நிற்பவனிடம் "அவன் விழணும்னு நினைக்கிறியா?" என்று கேட்டால் பதறிப்போய் இல்லை என்பான். ஆனால் கம்பத்தின் உயரத்தை நாலு அடியாகக் குறைத்துவிட்டால் அவனும் வீட்டுக்குப் போய்விடுவான். இந்த நாடகத்தின் மொத்தக் கதையும் அதற்குள் இருக்கிறது.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' என்பது பெயர். பாட்டும் இசையும் யூ2 ராக் குழுவின் போனோவும் தி எட்ஜும். இயக்கம் ஜூலி டேமோர். 'தி லயன் கிங்' நாடகத்தை 1997-ல் மேடையேற்றி, பிராட்வேயின் உயரிய விருதான டோனியை இசை நாடக இயக்கத்துக்காக வாங்கிய முதல் பெண். இப்படி மூன்று பேர் சேர்ந்தால் பணம் போட ஆள் கிடைக்காமலா போகும்? கிடைத்தது. ஆனால் தயாரிப்பாளர் டோனி ஆடம்ஸ் 2005-லேயே திடீரென்று இறந்துபோனார். 2009-ல் பணம் தீர்ந்து வேலை நின்றது. பிறகு ராக் கச்சேரிகள் நடத்திப் பழகிய மைக்கேல் கோல் உள்ளே வந்து தூக்கி நிறுத்தினார். திரை ஏறும்போது செலவு ஆறரைக் கோடி டாலர், முடிவில் ஏழரைக் கோடி. அதற்கு முன் பிராட்வேயின் பெரிய பட்ஜெட் நாடகங்கள்கூட இதில் பாதியைத் தொட்டதில்லை.

பணம் எங்கே போனது? அதில் ஒரு நல்ல பங்கு பறப்பதற்குப் போனது. மேடையில் நடிகரைக் கயிற்றில் தூக்குவது புதிதல்ல. இங்கே செய்தது வேறு. விளையாட்டு மைதானத்தில் நாலு மூலையிலிருந்து கம்பி இழுத்து கேமராவை ஓட விடுகிறார்களே, அந்த முறையில் கணினி இயக்கும் வின்ச்சுகளை, அதாவது கம்பி சுருட்டும் இயந்திரங்களை வைத்து, ஸ்பைடர்மேன் பார்வையாளர்களின் தலைக்கு மேலே பாய்ந்து பால்கனியில் போய் இறங்கும்படி செய்தார்கள். ஒருவர் இங்கே மறைய, அதே உடுப்பில் இன்னொருவர் அங்கே முளைப்பார். 42-ஆவது தெருவில் ஃபாக்ஸ்வுட்ஸ் என்று அப்போது பெயர் பெற்றிருந்த, 1,900-க்கு மேல் இருக்கை கொண்ட அந்த அரங்கையே இதற்காகத் திருத்தினார்கள்.

விபரீதத்தின் வேர் அதுதான். பொதுவாகப் பெரிய இசை நாடகம் என்றால் முதலில் வெளியூரில் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே சொதப்பினால் நியூயார்க்குக்குத் தெரியாது. தைத்து, வெட்டி, சரிசெய்து கொண்டு வருவார்கள். இந்தப் பறக்கும் ஏற்பாட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே ஒத்திகையே நியூயார்க்கில், முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் கண்ணெதிரே நடந்தது. பிரிவியூ என்று இதற்குப் பெயர். அதிகாரபூர்வத் திறப்பு நாளுக்கு முன்னால் சில வாரம் நடத்தும் காட்சிகள். விமர்சகர்கள் அதுவரை எழுதக் கூடாது என்பது எழுதாத சட்டம். இந்த நாடகத்துக்கு நடந்த பிரிவியூக்கள் 182. பிராட்வேயில் வேறெதுவும் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

முதல் பிரிவியூ 2010 நவம்பர் 28, ஞாயிறு இரவு. கோல் மேடைக்கு வந்து, நடுவில் நிறுத்த நேரிடலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஐந்து முறை நின்றது. அரக்னி என்ற சிலந்திப் பெண்ணாக நடித்த நடாலி மென்டோசா ஒரு பாட்டின் நடுவே ஏழெட்டு நிமிடம் அந்தரத்தில் தொங்கினார். முதல் பாதியின் உச்சக்கட்டத்தில் ஸ்பைடர்மேன் பார்வையாளர்களின் தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் மாட்டிக்கொண்டு ஊசலாட, பணியாளர்கள் எட்டிக் காலைப் பிடிக்கப் பார்த்தார்கள். அப்படியே இடைவேளை விட்டுவிட்டார்கள். மொத்தம் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம்.

இரண்டாம் பாதியில் மறுபடி நின்றபோது ஒரு பெண் எழுந்து கத்தினார்: மற்றவர்கள் எப்படியோ, எனக்கு இன்றைக்கு நான் சோதனை எலி போலத் தோன்றுகிறது, இது உடுப்பு ஒத்திகை மாதிரி இருக்கிறது என்று.

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் கூட்டம் அவரைத்தான் "பூ" என்று ஊளையிட்டு அடக்கியது.

இந்த நாடகத்தைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன், என் மனதில் நிற்பது இந்த ஒரு நிமிடம்தான். காசு கொடுத்தவர்களே தங்களுக்காகப் பேசிய ஆளைத் திட்டுகிறார்கள். ஏன்? கம்பியில் தொங்குபவனைக் கண்ணெதிரே பார்க்கிறோம், அவன் மேல் ஒரு பச்சாதாபம். கூடவே, 'முதல் நாளே நான் அங்கே இருந்தேன்' என்று பிறகு சொல்லிக்கொள்ளும் ஆசை. அவர்கள் வாங்கியது நாடகத்துக்கான டிக்கெட் என்று எடுத்துக்கொண்டால் அந்த நடத்தை புரியாது. ஒரு சம்பவத்துக்கான டிக்கெட் என்று எடுத்துக்கொண்டால் புரியும். மறுநாள் திங்கட்கிழமை பத்து லட்சம் டாலருக்கு மேல் டிக்கெட் விற்றது. சொதப்பல் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்த நாள் அது.

டிசம்பர் 20 வேறு மாதிரி. காட்சி முடிய இன்னும் சில நிமிடங்களே பாக்கி. பாலத்திலிருந்து குதிக்கும் இடத்தில் கிறிஸ்டோபர் டியர்னி என்ற நடனக் கலைஞரின் பாதுகாப்புக் கயிறு மறுமுனையில் மாட்டப்படவே இல்லை. மேடை விளிம்பைத் தாண்டிக் குழிக்குள் விழுந்தார். மண்டையோட்டில் விரிசல், விலா எலும்புகளும் முதுகெலும்புகளும் தோள்பட்டையும் உடைந்தன. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறலும் அழுகையும் கேட்டதாக அரங்கில் இருந்தவர்கள் சொன்னார்கள். காட்சி அதோடு நின்றது. அன்று யாரும் ஊளையிடவில்லை. பார்வையாளர் ஒருவர் எடுத்த வீடியோ தொலைக்காட்சிகளில் ஓடியது. அதற்கு முன்பே ஒத்திகையில் ஒருவருக்கு இரு மணிக்கட்டும் முறிந்திருந்தது. முதல் இரவில் மென்டோசாவின் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டு, அவர் வருட முடிவில் விலகிக்கொண்டார். பிராட்வே நடிகர்களே சிலர் வெளிப்படையாகக் கொதித்தார்கள். தொழில் பாதுகாப்புத் துறை விசாரித்து 12,600 டாலர் அபராதம் போட்டது. ஏழரைக் கோடியில் இது எந்த மூலைக்கு என்று கேட்டவர்கள் உண்டு, நானும் கேட்கிறேன். அதன் பிறகு ஒருவர் கயிறு மாட்டினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று ஆனது. அது முதல் நாளே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு.

மூன்று நாள் கழித்துத் திரை மீண்டும் ஏறியது. இரவு நேரத் தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களுக்கோ வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த கதை. 'தி நியூயார்க்கர்' இதழ் கட்டுப்போட்ட ஸ்பைடர்மேன்கள் ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்திருப்பதை அட்டைப்படமாகப் போட்டது. ஜனவரியில் ஒரு வாரம், 'விக்கெட்' (Wicked) என்ற இசை நாடகம் உள்பட மற்ற எல்லா நாடகங்களையும் முந்திக்கொண்டு வசூலில் முதலிடத்துக்கு வந்தது இந்த நாடகம். இன்னும் திறப்பு விழாவே நடக்கவில்லை!

சரி, உள்ளே உட்கார்ந்தவர்கள் கண்டது என்ன? சில இடங்களில் வாயைப் பிளந்தார்கள், அதில் சந்தேகமில்லை. தொடக்கத்தில் பெண்கள் மஞ்சள் துணிப் பட்டைகளில் ஊஞ்சலாடி ஊஞ்சலாடி, துணியே நெசவாகித் திரை முழுக்கப் பரவும் ஒரு காட்சி. நாடகத்தை வெறுத்தவர்களும் இதை விட்டுக்கொடுத்ததில்லை. ஜார்ஜ் சிபின் போட்ட செட் இன்னொன்று: கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே தெருவைப் பார்ப்பது போல, கட்டடமே நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். உடைகள் எய்கோ இஷியோகா. இந்த இருவருக்கும்தான் 2012-ல் டோனி பரிந்துரை கிடைத்தது. இஷியோகா அதற்குள் காலமாகிவிட்டார். ஸ்பைடர்மேனும் பச்சைப் பிசாசு என்று சொல்லத்தக்க கிரீன் காப்ளினும் தலைக்கு மேலே மோதிக்கொள்ளும்போது குழந்தைகள் இருக்கையில் இருக்கவில்லை.

கதைதான் சிக்கல். டேமோருக்கு ஸ்பைடர்மேனைவிட அரக்னி மேல்தான் ஆசை. தெய்வத்தோடு நெசவுப் போட்டி போட்டுச் சிலந்தியாகச் சபிக்கப்பட்ட கிரேக்கப் புராணப் பெண் அவள். அதனால் எல்லாருக்கும் தெரிந்த வில்லன் காப்ளின் முதல் பாதியிலேயே செத்துவிட, இரண்டாம் பாதியை அரக்னி எடுத்துக்கொண்டாள். மேடை ஓரத்தில் நாலு விடலைகள் உட்கார்ந்து 'கதையை நாம் எப்படிக் கொண்டு போகலாம்' என்று விவாதிப்பார்கள். பிறகு எட்டுக்கால் சிலந்திப் பெண்கள் நகரத்தில் காலணி திருடி மாட்டிக்கொண்டு பாடுவார்கள். ஆமாம், செருப்புப் பாட்டு. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்த இடம் அதுதான். ஐந்து டாலர் காமிக்ஸைப் புரட்டிய பையனுக்கும் புரியவில்லை, கிரேக்கப் புராணம் படித்த பேராசிரியருக்கும் புரியவில்லை. முடிவுக் காட்சியோ பல வாரம் முழுமையாகத் தயாராகவே இல்லை.

திறப்பு நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் மார்ச்சுக்குத் தள்ளியபோது விமர்சகர்கள் பொறுமை இழந்தார்கள். முன்பு அறிவித்திருந்த பிப்ரவரி 7-ஐக் கணக்கில் வைத்து, எல்லாரும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளினார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' பென் பிராண்ட்லி, பிராட்வேயின் மிகச் செலவான நாடகம் மட்டுமல்ல, மிக மோசமானவற்றிலும் ஒன்றாக இருக்கலாம் என்றார். ஆனால் அதே விமர்சனத்தில் அவர் உண்மையாகவே சிரித்த ஓர் இடத்தையும் குறிப்பிட்டிருந்தார். அன்று கருவி கோளாறாகிக் காட்சி நின்றது. காப்ளினாக நடித்த பேட்ரிக் பேஜ் மேடையிலேயே மாட்டிக்கொண்டார். வேடம் கலையாமல் ஸ்பைடர்மேனைச் சீண்டினார்: பார்த்துப் பறப்பா, ஏற்கெனவே சில பேரைக் கீழே போட்டுவிட்டார்களாமே என்ற அர்த்தத்தில். அரங்கம் அதிர்ந்தது. மேடையும் கூட்டமும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தன. அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், கிளென் பெக் என்ற வலதுசாரி வானொலிப் பேச்சாளர் போகுமிடமெல்லாம் இதைப் புகழ்ந்து தள்ளினார். பிராட்வே பத்தியாளர்களின் பேச்சைக் கேட்காத கூட்டம் ஒன்று அவர் பேச்சைக் கேட்டது. பிராட்வேக்கு வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியூர்க்காரர்கள். அவர்கள் பிராண்ட்லியைப் படித்துவிட்டு விமானம் ஏறுவதில்லை. ஸ்பைடர்மேன் யார் என்று விளக்க ஆங்கிலமும் தேவையில்லை. 1988-ல் 'கேரி' என்ற நாடகம் திறப்புக்குப் பிறகு வெறும் ஐந்து காட்சியில் சுருண்டது. விமர்சகன் அடித்தால் படுத்துவிடும் காலம் அது. ஸ்பைடர்மேன் அதே அடியை வாங்கி, அதை விளம்பரமாக மாற்றிக்கொண்டது.

தயாரிப்பாளர்கள் பார்வையாளர்களிடமே போய்க் கேட்டார்கள். கருத்துக் கணிப்பு, குழு விவாதம் எல்லாம் நடந்தது. வந்த பதில்: கதை புரியவில்லை, கதாநாயகன் பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்குமான காதல் போதவில்லை, காப்ளின் இன்னும் வேண்டும், இன்னும் பற! மார்ச் 9-ல் டேமோர் வெளியே. சர்க்கஸ் நிகழ்ச்சிகளை இயக்கிய அனுபவமுள்ள ஃபிலிப் வில்லியம் மெக்கின்லி உள்ளே. காமிக்ஸ் எழுதிப் பழகிய ரொபெர்ட்டோ அகுயர்-சகாசா கதையைத் திருத்தினார். ஏப்ரல் 18-லிருந்து மூன்று வாரத்துக்கு மேல் கதவைச் சாத்திவிட்டு வேலை பார்த்தார்கள். விடலைகள் போனார்கள், செருப்புப் பாட்டு போனது, அரக்னி ஒரு காவல் தேவதையாகச் சுருங்கினாள். அந்தரத்துச் சண்டை நாடகத்தின் முடிவுக்கு நகர்ந்தது. ஜூன் 14, 2011 அன்று ஒருவழியாகத் திறப்பு விழா. டியர்னியும் உடம்பு தேறி மேடைக்குத் திரும்பியிருந்தார்.

டேமோர் அந்த ஜூன் மாதம் நாடகக்காரர்கள் மாநாடு ஒன்றில் பேசும்போது, பார்வையாளர் குழுக்களைக் கேட்டுக் கேட்டு நாடகம் ஆக்குவது பயமுறுத்துகிறது என்றார். ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வலைப்பூக்களும் கலைஞனை மிஞ்சிவிடுகின்றன என்றும் குறைப்பட்டார். எனக்கு இதில் அவர் பக்கம் பாதி நியாயம்தான் தெரிகிறது. நூறு டாலருக்கு மேல் கொடுத்தவனுக்கு மூன்று மணி நேரம் கதை புரியவில்லை என்றால் அவன் சொல்லத்தான் செய்வான். ஆனால் அவன் எதைச் சொல்வான்? தனக்கு இடறிய இடத்தைச் சொல்வான். தான் எதற்காக வந்தோம் என்பது அவனுக்கே தெரியாது. கணிப்புத் தாளில் 'ஏதாவது கோணலாக நடக்கும் என்று வந்தேன்' என்று யார் எழுதுவார்கள்?

புதிய வடிவம் குழந்தைகளுக்குப் பிடித்தது, பெற்றோருக்குப் புரிந்தது. காப்ளின் தன்னையே ஆறரைக் கோடி டாலர் சர்க்கஸ் சோகம் என்று சொல்லிக்கொண்டு, இல்லை இல்லை, ஏழரை இருக்கும் என்று திருத்துவார். அரங்கம் சிரிக்கும். பிப்ரவரியில் தற்செயலாக நடந்த அந்தக் கிண்டல் இப்போது எழுதி வைத்த வசனமாகிவிட்டது, கவனித்தீர்களா? பிராண்ட்லி திரும்ப வந்து பார்த்துவிட்டு, இப்போது வெறுமனே அலுப்பூட்டுகிறது என்று எழுதினார். வாய்பிளக்க வைக்கும் மோசத்திலிருந்து சாதாரணத்துக்கு ஏறியது உண்மையில் ஏற்றமா என்றும் கேட்டார். அப்போது இந்தக் கேள்வியை மேட்டிமைத்தனம் என்று பலர் சொன்னார்கள். கல்லாப்பெட்டியும் அவருக்குப் பதில் சொன்னது: 2012 புத்தாண்டு வாரத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூல், அன்றைய தேதியில் பிராட்வேயில் எந்த நாடகமும் ஒரே வாரத்தில் அவ்வளவு பார்த்ததில்லை.

ஆனால் வாராவாரம் நடத்தும் செலவே பத்து லட்சம் டாலருக்கு மேல். அரங்கம் நிரம்பி வழிந்தால்தான் கையைக் கடிக்காது. முதல் வருடத்தின் ஆர்வம் அடங்க அடங்க, பயம் இல்லாத, புரிகிற, ஒழுங்காக முடிகிற ஒரு குழந்தைகள் நாடகமாக அது நின்றது. அந்த வகைக்குச் சில தெரு தள்ளியே 'லயன் கிங்' இருந்தது, அதுவும் டேமோர் செய்தது! 2013 ஆகஸ்டில் மேடை லிஃப்டில் இன்னொரு கலைஞரின் கால் நசுங்கியது. இந்த முறை அது யாருக்கும் வேடிக்கையாக இல்லை, கூட்டத்தையும் கூட்டவில்லை. இலையுதிர் காலத்தில் வார வசூல் பத்து லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. 2014 ஜனவரி 4-ல் கடைசிக் காட்சி. திறப்புக்குப் பிறகு 1,066 காட்சிகள், பார்த்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல், முதலீட்டாளர்களுக்கு ஆறு கோடி டாலர் வரை நஷ்டம் என்று செய்தி. லாஸ் வேகஸுக்குப் போகும் என்றார்கள், போகவில்லை. டேமோர் போட்ட வழக்கு அதற்கு முன்பே சமரசத்தில் முடிந்திருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: முதல் வடிவத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு நாடகம் பிடிக்கவில்லை, அந்த இரவு பிடித்திருந்தது. இரண்டாவது வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு நாடகம் பரவாயில்லை, ஆனால் ஊருக்குப் போய்ச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு துணைக் கேள்வியும் கேட்டிருந்தீர்கள், நான் என்றால் எந்த வடிவத்துக்கு டிக்கெட் எடுப்பேன் என்று. பாட்டுகள் ஆல்பமாகக் கிடைக்கின்றன; கேட்டுப் பார்த்ததில் இதற்காக யாரும் விமானம் ஏற வேண்டாம். டிக்கெட் என்றால் 2011 பிப்ரவரி, பேட்ரிக் பேஜ் மாட்டிக்கொண்ட அந்த இரவு, பால்கனி முன் வரிசை. டியர்னிக்கு நடந்தது தெரிந்தும் இப்படிச் சொல்கிறேனே என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. செருப்புப் பாட்டையும் விடமாட்டேன்.